கதவுக்குப் பின்னாடி ஒரு கட்டம், உள்ள தேதி தேதியா எழுதியிருக்கு. இது இன்னாது?

மணலி_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். மணலி பக்கம் எங்க ஆயா வீடு ஒண்ணு, ஓட்டு வீடு, ஆயா போனதுல இருந்து பூட்டியே கெடக்கு. பங்காளிங்க எல்லாம் ஒரு வழியா பேசி முடிச்சி இடிச்சிட்டு கட்றதுன்னு முடிவாயி, போன ஞாயித்துக்கெழம கதவு ஜன்னல் எல்லாம் கழட்டினோம். தெருக்கதவு நல்ல தேக்கு. அத கழட்டி திண்ணைல சாய்ச்சா, கதவ தொறந்து வச்சா செவுத்துப் பக்கம் மறைஞ்சிக்கும் பாருங்க, அந்த முகத்துல கறுப்பு பெயிண்ட்ல ஒரு கட்டம். தகரத்துல எழுத்து வெட்டி மேல வச்சி அடிச்சா மாதிரி. மேல இங்கிலீஷ்ல என்.எம்.இ.பி.ன்னு நாலு எழுத்து, பக்கத்துல 114ன்னு ஒரு நம்பர், அது எங்க டோர் நம்பரே கெடையாது. கீழ கோடு போட்டு குட்டி குட்டியா பென்சில்ல தேதி, ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்துல புழு நெளிஞ்சா மாதிரி ஒரு கையெழுத்து. எண்ணிப் பாத்தேன், 31 வரி. வருஷம் மட்டும் 7க்கு அப்புறம் தேய்ஞ்சி போச்சு, எழுபத்தி எத்தனைன்னு தெர்ல.

அத்தைய கேட்டா "அது கொசு மருந்துக்காரன் கிறுக்கினு போவான்டா"ன்னு சொல்லிட்டு சீரியல் பாக்க போயிடுச்சி. கார்ப்பென்டர் வேற இழைச்சி குடுக்கறேன், வித்துடலாம்னு நிக்கறாரு. தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

கல்மண்டபம்_கார்த்தி:
தல, பால்காரன் கணக்கா இருக்கும், 31 நாளு கரெக்டா வருதுல்ல 😀 ஆயா பாக்கி வச்சிருந்தா இப்ப வட்டியோட நீதான் கட்டணும்.

சட்டப்புள்ளி:
கார்த்தி சும்மா இருங்க. இது நேஷனல் மலேரியா எரடிகேஷன் புரோகிராம். 1953ல மலேரியா கட்டுப்பாடுன்னு ஆரம்பிச்சு, 1958ல ஒழிப்புன்னு பேர மாத்தினாங்க. 114ங்கறது அவங்களே ஊருக்குள்ள போட்டுக்கற வீட்டு நம்பர். சர்வேலன்ஸ் ஒர்க்கர்னு ஒருத்தர் 15 நாளைக்கு ஒரு தடவ வீட்டுக்கு வருவாரு, யாருக்காவது ஜுரமான்னு கேப்பாரு, ஆமான்னா விரல்ல குத்தி கண்ணாடி சில்லுல ரத்தம் எடுத்துட்டு குளோரோகுயின் மாத்திரை குடுத்துட்டு, வந்ததுக்கு சாட்சியா கதவுல தேதி போட்டுட்டு போவாரு. மேலதிகாரி செக்கிங் வந்தா முதல்ல கதவுக்குப் பின்னாடி தான் எட்டிப் பாப்பாரு.

உங்க தேதிங்க 15 நாள் இடைவெளில இருக்கான்னு பாருங்க. 31 வரின்னா ஏறக்குறைய ஒண்ணே கால் வருஷத்துக் கணக்கு.

இன்னொண்ணு, இந்தக் கட்டம் சிட்டிக்குள்ள பாக்க முடியாது. வீட்டுச் செவுத்துக்கு டிடிடி அடிக்கறது, கதவுல தேதி போடறது எல்லாம் கிராமத்துக்கு வச்ச வழி. பெரிய ஊருங்கள முதல்ல அந்தந்த உள்ளாட்சி பாத்துக்கட்டும்னு விட்டுட்டாங்க, நகரத்துக்குன்னு தனி மலேரியா திட்டம் 1971ல தான் வந்துச்சு. அப்ப உங்க மணலி பக்கம் எல்லாம் கிராமம். 2011ல தான திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம் எல்லாம் சென்னை மாநகராட்சிக்குள்ள வந்துச்சு.

மணலி_பையன்:
சூப்பர் சார்!! இப்ப தான் போயி பாத்துட்டு வந்தேன், 14, 15, 16 நாளுன்னு தான் வருது. அப்ப மெட்ராஸ்ல இந்த வேலைய யாரு பாத்தா?

வியாசை_பொண்ணு:
சானிட்டரி இன்ஸ்பெக்டர் தான், வேற யாரு. எங்க வியாசர்பாடில எங்கம்மா சின்னப் புள்ளையா இருந்தப்ப "இன்ஸ்பெக்டரு வராரு"ன்னா ரெண்டு அர்த்தம், ஒண்ணு போலீசு, இன்னொண்ணு இவரு. போலீசுக்கு கூட பயப்பட மாட்டாங்களாம், இவர பாத்தா தான் அவனவன் மாட்ட அவுத்துகினு சந்துல பூந்துருவானாம், தண்ணி டிரம்ம கவுத்துருவாங்களாம்.

அம்மா சொல்ற கதைல ஒண்ணு எனக்கு மறக்கவே மறக்காது. வீட்ல யாருக்காச்சும் பெரியம்மை போட்டா வெளிய சொல்ல மாட்டாங்க, "ஆத்தா வந்திருக்கா"ன்னு வீட்டோட வச்சிப்பாங்க, ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போனா ஆத்தா கோவிச்சிப்பான்னு பயம். ஆனா வாசல்ல வேப்பிலை சொருகாம இருக்க முடியுமா? சொருகித்தான ஆகணும். அந்த இன்ஸ்பெக்டரு இன்னா பண்ணுவாராம், யாரையும் ஒரு வார்த்த கேக்க மாட்டாராம், தெருமுனைல நின்னு எந்த வாசல்ல வேப்பிலை தொங்குதுன்னு பாத்துட்டு நேரா அங்க போயி நிப்பாராம். மறைக்கறதுக்கு ஒரு வழியும் இல்ல, ஏன்னா வேப்பிலை வைக்காம இருந்தா ஆத்தா கோவம், வச்சா இன்ஸ்பெக்டர் கோவம். எங்க ஆயா அதுக்கு ஒரு ஐடியா பண்ணுச்சாம், வேப்பிலைய வாசல்ல வைக்காம கொல்லப்பக்கம் சொருகிச்சாம். மூணாம் நாளு அவரு கொல்லப்பக்கமா வந்து நின்னாராம்.

பேசின்பிரிட்ஜ்:
அதாங்க ஆளு. இப்ப எந்த ஆபீசரு தெருவுல எறங்கி நடக்கறான்? அப்ப சைக்கிள்ல காக்கி கால்சட்டை போட்டுகினு வருவாரு, கையில ஒரு நோட்டு, எந்த வீட்ல எத்தினி பேரு, எந்த கெணறு மூடல, எந்த ஓட்டல்ல பூச்சி பறக்குது, எல்லாம் மனப்பாடம். எங்க நைனா டீக்கடை வச்சிருந்தாரு, டம்ளர சுடுதண்ணில போடலன்னா அப்பவே நோட்டீசு. டேஞ்சரஸ் அண்ட் அஃபென்சிவ் டிரேடு லைசென்சுன்னு ஒண்ணு, அத புதுப்பிக்கல்லன்னா கடைய சாத்திட்டு போயிட்டே இருப்பாரு. இப்ப எல்லாம் கலீஜா ஆயிப்போச்சு. அந்தக் காலம் அந்தக் காலம் தான்.

ஏழுகிணறு67:
பேசின்பிரிட்ஜ் சொல்றதுல பாதி சரி. டீக்கடைல நோட்டீசு குடுத்த அதே ஆளு சாயங்காலம் ஓசில டீ குடிச்சதையும் சேத்து சொல்லுங்க சார்.

எங்க தெருல ரெண்டு விஷயம். ஒண்ணு பால். ஒரு இன்ஸ்பெக்டர் காலைல அஞ்சரைக்கே மறைஞ்சி நிப்பாரு, பால்காரர் திரும்பற முக்குல. லாக்டோமீட்டர பால்ல விட்டா மெதக்கும், தண்ணி கலந்திருந்தா ஆழமா எறங்கும். பால்காரங்க லேசுபட்டவங்களா, ஆடைய எடுத்துட்டு தண்ணி ஊத்தினா கணக்கு சரியாயிடும், கருவி நல்ல பால்னே காட்டும். அதனால அவரு கருவிய மட்டும் நம்ப மாட்டாரு, சாம்பிள் எடுப்பாரு. 1954 கலப்படத் தடைச் சட்டப்படி சாம்பிள மூணா பிரிக்கணும், மூணு பாட்டில், பால் கெடாம இருக்க ஃபார்மலின் சொட்டு, மேல நூலு கட்டி அரக்கு உருக்கி சீல். ரோட்டு ஓரம் மெழுகுவத்தி ஏத்தி வச்சி அரக்கு உருக்கறத நாங்க பசங்க சுத்தி நின்னு வேடிக்க பாப்போம். சாட்சிக் கையெழுத்து போட ஆளு கூப்புட்டா அத்தன பேரும் மாயமா மறைஞ்சிடுவோம், பெருசுங்க உட்பட. நாளைக்கு அந்த பால்காரர் கிட்ட தான பால் வாங்கணும்!

ரெண்டாவது கெணறு. எங்க பக்கத்து வீட்டுக்காரங்க சுத்த சைவம். கொசுப்புழு திங்கறதுக்கு கம்பூசியா மீன் கொண்டாந்து கெணத்துல விட வந்தாங்க. அந்த வீட்டுப் பாட்டி கெணத்து மேல கைய விரிச்சி நின்னுட்டாங்க, "குடிக்கற தண்ணில மீனா? நாங்க எப்படி பூஜை பண்றது?" ஒரு மணி நேரம் பஞ்சாயத்து. கடைசில கெணத்த முழுசா பலகை போட்டு மூடி கை பம்பு வச்சிக்கறோம்னு சமாதானம் ஆச்சு, சட்டப்படி அதுவும் ஓகே தான், கொசு உள்ள போக வழி இல்லன்னா மீன் எதுக்கு. அந்த பம்பு இன்னும் இருக்கு, தண்ணி தான் வரல.

பழைய_எஸ்ஐ:
வணக்கம். நான் இங்க படிக்கிறவன் மட்டும், எழுதறது கிடையாது. இந்த இழையப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல. 1974ல வேற ஒரு மாவட்டத்துல இந்த சர்வேலன்ஸ் ஒர்க்கர் வேலைல தான் சேர்ந்தேன், அப்புறம் ஒரு வருஷம் சானிட்டரி இன்ஸ்பெக்டர் கோர்ஸ் முடிச்சிட்டு வடசென்னைக்கு வந்தேன், ரிட்டயர் ஆகற வரைக்கும் இங்க தான். எந்த டிவிஷன்னு கேக்காதீங்க.

ஒரு நாள் வேலைய சொல்றேன். காலைல ஆறு மணிக்கு டெப்போல மஸ்டர். துப்புரவுத் தொழிலாளிங்க வந்தாங்களா, யாரு லீவு, யாரு எந்தத் தெரு. அத மேஸ்திரி கிட்ட ஒப்படைச்சிட்டு தண்ணி டெஸ்டுக்கு போகணும். ஓ.டி. டெஸ்டுன்னு சொல்வோம், ஆர்த்தோ டாலிடின், சின்னக் கண்ணாடிக் குழாய்ல தண்ணிய புடிச்சி சொட்டு விட்டா குளோரின் இருந்தா மஞ்சளா மாறும். லேசான எலுமிச்ச நிறம் வந்தா நிம்மதி. நிறமே வரலன்னா அந்தத் தெரு அன்னைக்கு பூரா நம்ம தலைல. எப்பவும் தெருவுல கடைசி வீட்டுக் குழாய்ல தான் புடிக்கணும், முதல் வீட்ல புடிச்சா அது நம்மள நாமே ஏமாத்திக்கறது. அந்த மருந்து கையில எத்தனையோ தடவ பட்டிருக்கு, அது கேன்சர் வரவைக்கற சாமான்னு ரொம்ப காலம் கழிச்சி தான் சொன்னாங்க.

ஏன் கடைசி வீடுன்னா, வடசென்னைல தண்ணி நாள் முழுக்க வராது. குழாய்ல தண்ணி இல்லாத நேரத்துல உள்ள வெற்றிடம், அப்ப பக்கத்துல ஓடற டிரெயினேஜ் எங்க ஒடைஞ்சிருந்தாலும் அதை உள்ள இழுத்துக்கும். போதாக்கொறைக்கு ஜனங்க பள்ளம் தோண்டி எறங்கி மெயின் குழாய்லயே அடி பம்பு மாட்டிடுவாங்க. அவங்களும் என்ன பண்ணுவாங்க, தண்ணி ஏறலையே. ஆனா பம்ப அடிக்க அடிக்க சாக்கடையும் சேந்து வரும். வாந்தி பேதி கேஸ் வந்தா நாங்க ஆஸ்பத்திரிய விட்டுட்டு முதல்ல அந்தப் பள்ளத்த தான் தேடுவோம். 1978ல மெட்ரோ வாட்டர் தனியா வந்துச்சு, அதுக்கப்புறம் குழாயும் சாக்கடையும் அவங்களோடது, அதனால வர்ற வியாதி எங்களோடது.

பதினோரு மணிக்கு மேல பிறப்பு இறப்பு ரிஜிஸ்டர். இத யாரும் பெருசா பேசறது இல்ல, ஆனா என்னக் கேட்டா அதுதான் வேலையோட உயிர். ஒரே தெருல ஒரே வாரத்துல ரெண்டு சாவு, ரெண்டும் "வயித்து வலி"ன்னு எழுதியிருந்தா, அங்க காலரா இருக்குன்னு அர்த்தம். வீட்ல மறைச்சிடலாம், மூலக்கொத்தளம் சுடுகாட்டுல மறைக்க முடியாது. எங்களுக்கு முதல் தகவல் பல நேரம் சுடுகாட்டுல இருந்து தான் வந்துச்சு.

வியாசை_பொண்ணு அம்மா, வேப்பிலை விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. நான் வேலைக்கு வரும்போது இங்க பெரியம்மை அடங்கிடுச்சு, எனக்கு முன்னாடி இருந்தவங்க அதையே தான் சொல்லிக் கொடுத்தாங்க, "வாசலப் பாரு, வாயப் பாக்காத".

வியாசை_பொண்ணு:
சார்!! எங்கம்மா கிட்ட படிச்சி காட்டினேன், "அவரு நல்லாருக்கட்டும், ஆனா அந்த அம்மை குத்தறவன் நல்லாருக்க மாட்டான்"னு சொல்லுது 😀 கையில ரெண்டு வட்டத் தழும்பு காட்டுது, திருகாணி மாதிரி ஒண்ண தோல்ல வச்சி திருகுவானாம்.

பழைய_எஸ்ஐ:
அம்மா சொல்றது ரோட்டரி லான்செட். வட்டத் தகடு, அதுல பல்லு பல்லா இருக்கும், மருந்துத் துளிய வச்சி மேல திருகுவாங்க. வலியும் ஜாஸ்தி, புண்ணும் பெருசா ஆகும். அப்புறமா கவட்டை மாதிரி ரெண்டு முனை ஊசி வந்துச்சு, அது 15 குத்து, அதிகம் தெரியாது. மருந்து நம்ம கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டோட சரக்கு. அந்த இடம் ஆரம்பிச்சதே அம்மைப்பால் தயாரிக்கத்தான், கன்னுக்குட்டி தோல்ல வளத்து எடுப்பாங்க.

தண்டையார்பேட்டை தொற்றுநோய் ஆஸ்பத்திரியப் பத்தி ஒண்ணு சொல்லணும். நம்ம ஜனங்க அதுக்கு பயந்தாங்க, "அங்க போனவன் திரும்ப மாட்டான்"னு. ஆனா உலகத்துல பெரியம்மையப் பத்தி எந்த டாக்டரு படிச்சாலும் அந்த வார்டுல கெடந்தவங்களப் பத்தி தான் படிக்கறாங்க. டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் அங்க 6942 நோயாளிங்களப் பாத்து குறிச்சி வச்சி, எந்த வகை அம்மை, எதுல பொழைப்பான், எதுல பொழைக்க மாட்டான்னு பிரிச்சாரு. உலக சுகாதார நிறுவனம் அந்தப் பிரிவத் தான் எடுத்துக்கிச்சு.

தோழன்_ஓட்டேரி:
எல்லாரும் இன்ஸ்பெக்டர் பெருமை பேசறீங்க, நல்லது. மஸ்டர்ல அந்தப் பக்கம் நின்னவங்க கதைய நான் சொல்றேன்.

எங்க வீட்ல தெலுங்கு தான் பேசுவோம். தாத்தாவோட அப்பா ஆந்திராவுல இருந்து இந்த வேலைக்குன்னே வந்தவரு. தாத்தா எடுப்பு கக்கூஸ் வேலை. இப்ப இருக்கற புள்ளைங்களுக்கு அந்த வார்த்தையே தெரியாது, தெரியாம இருக்கறது நல்லது தான், ஆனாலும் சொல்றேன். கொல்லப்பக்கம் சின்ன ரூம், மேல உக்கார எடம், கீழ ஒரு சட்டியோ கூடையோ, வெளிப்பக்கம் சந்துல ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவு வழியா கைய விட்டு இழுத்து, வாளில கொட்டி, தலைல தூக்கி வண்டிக்கு கொண்டு போகணும். மழைக்காலத்துல வாளி நெறஞ்சி கழுத்து வழியா எறங்கும். தாத்தா கடைசி வரைக்கும் ரசம் சாப்பிட மாட்டாரு, ஏன்னு யாரும் கேக்க மாட்டோம்.

ஆறு மணி மஸ்டருக்கு பத்து நிமிஷம் லேட்டா போனா ஆப்சென்ட், அரை நாள் கூலி போச்சு. வீட்டுக்காரன் சந்துக் கதவ உள்ள தாழ் போட்டுட்டு தூங்கினாலும் புகார் தாத்தா மேல தான். தெருவு நாறினா இன்ஸ்பெக்டருக்கு மெமோ வரும், அந்த மெமோ எங்க தாத்தா சம்பளத்துல போயி முடியும். இந்த வேலைய தடை பண்ணி சட்டம் வந்தது 1993ல. சுதந்திரம் வாங்கி 46 வருஷம் கழிச்சி. அதுவும் போதலன்னு 2013ல இன்னொரு சட்டம்.

"அந்தக் காலம் அந்தக் காலம் தான்"னு எழுதின அண்ணே, அந்தத் தெரு சுத்தமா இருந்துச்சுன்னா யாரு தலைல ஏறி சுத்தமா இருந்துச்சுன்னும் பாருங்க.

பேசின்பிரிட்ஜ்:
நான் அந்த அர்த்தத்துல சொல்லல தம்பி.

தோழன்_ஓட்டேரி:
தெரியும்ணே. யாருமே அந்த அர்த்தத்துல சொல்றது இல்ல.

பழைய_எஸ்ஐ:
ஓட்டேரி தம்பி, நான் வாதாட வரல. நானும் ஆப்சென்ட் போட்டிருக்கேன். கையில கையுறை, காலுக்கு பூட்ஸ் வாங்கிக் குடுங்கன்னு மேல எழுதிப் போட்டிருக்கேன், வந்தா ஒரு வருஷத்துக்கு வரும், அடுத்த வருஷம் வராது, வந்தாலும் எல்லாருக்கும் ஒரே சைஸ். அத போட்டுகிட்டு வேலை செய்ய முடியாதுன்னு கழட்டி வச்சிடுவாங்க, உடனே "குடுத்தாலும் போட மாட்டாங்க"ன்னு நாங்க எழுதிடுவோம். அது பொய் இல்ல, ஆனா நியாயமும் இல்ல.

காசிமேட்டுக்காரன்:
டாபிக்க கொஞ்சம் மாத்தறேன், எல்லாரும் சீரியஸா இருக்கீங்க. எங்க ஏரியால ராத்திரி பத்து மணிக்கு கதவ தட்டுவாங்க, பெட்ரோமாக்ஸ் தூக்கினு நாலு பேரு. யானைக்கால் வியாதிக்கு ரத்தம் எடுக்க. எங்க மாமா நல்லா சரக்கு போட்டு படுத்தவரு, தூக்கத்துல விரல்ல குத்தினா இன்னா பண்ணுவாரு, எழுந்து அடிக்க போயிட்டாரு. "பகல்ல வாங்கடா, பகல்ல ரத்தம் வராதா?"ன்னு கத்தினாரு. அப்ப அந்தாளு பொறுமையா சொன்னாரு, "அண்ணே, அந்தப் புழு பகல்ல உள்ள பூந்து படுத்துக்கும், நீங்க தூங்கற நேரத்துல தான் ரத்தத்துல சுத்தும், கொசு கடிக்கற நேரம் பாத்து வெளிய வரும்." மாமா உடனே கைய நீட்டினாரு. "என்ன மாதிரியே ராத்திரி டூட்டியா?" மாமா கடலுக்கு ராத்திரி போறவரு.

ஒரு டவுட்டு, எஸ்ஐ சார், இந்த யானைக்கால் கொசு வேற மலேரியா கொசு வேறயா? கால்வாய்ல இருக்கற கொசு தான மலேரியா குடுக்குது?

பழைய_எஸ்ஐ:
வேற வேற. பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நாலா இங்க எல்லாம் வளர்றது கியூலெக்ஸ், அழுக்குத் தண்ணிக் கொசு, அது யானைக்கால் பார்ட்டி. சென்னைல மலேரியா குடுக்கறது அனோஃபிலிஸ் ஸ்டீஃபன்சி, அது ரொம்ப சுத்தக்காரி, நல்ல தண்ணில தான் முட்டை போடும். கெணறு, மாடித் தொட்டி, சிமெண்ட் தொட்டி. ஜனங்க கால்வாயக் காட்டி திட்டிகிட்டே இருப்பாங்க, அவங்க வீட்டு மொட்டை மாடில மூடி இல்லாத தொட்டி இருக்கும். மேல ஏறி பாக்கறேன்னா விட மாட்டாங்க, "மாடில துணி காயுது, பொண்ணுங்க இருக்காங்க". ஏணி ஏறி தொட்டிக்குள்ள டார்ச் அடிச்சா, ஸ்டீஃபன்சி புழு தண்ணி மேல்மட்டத்துல படுக்கை வசமா கெடக்கும், கியூலெக்ஸ் தலைகீழா தொங்கும். அத வச்சே யாருன்னு சொல்லிடலாம். தமிழ்நாட்டு மலேரியால பெரும்பங்கு சென்னைக் கணக்குல தான் இருந்துச்சு, அதுலயும் நம்ம வடக்கு.

கல்மண்டபம்_கார்த்தி:
ஜோக் அடிக்கறதோட போயிடலாம்னு பாத்தேன், ஆனா இந்த வேப்பிலைக் கதைய படிச்சதும் 2020 தான் ஞாபகம் வருது. ராயபுரம் மண்டலம் தான அப்ப கொரோனா லிஸ்ட்ல முதல்ல நின்னுகினு இருந்துச்சு. எங்க வீட்டு வாசல்லயும் ஸ்டிக்கர் ஒட்டி தகரம் அடிச்சாங்க. பக்கத்து வீட்டு அக்கா ஜுரம் வந்ததையே சொல்லல, தெனம் வீட்டு வீட்டுக்கு ஜுரம் கேட்டுகினு ஒரு பொண்ணு வரும்ல, அதுகிட்ட "யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா"ன்னு கதவ பாதி தொறந்து சொல்லும். ஆனா அந்தப் பொண்ணு கண்டுபுடிச்சிருச்சு, எப்டின்னா, வாசல்ல செருப்பு ஒரு வாரமா அதே எடத்துல அதே மாதிரி கெடக்குதாம்.

சட்டப்புள்ளி:
அந்தத் தகரத்துக்கு பின்னாடி இருந்த சட்டமும் பழசு தான் கார்த்தி. 1939 மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம், இந்தியாவுலயே அந்த மாதிரி முதல் சட்டம். கொரோனாவ அறிவிக்க வேண்டிய நோயா 2020 மார்ச்ல அறிவிச்சது அதுங்கீழ தான். நோயாளிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போற அதிகாரம், கெணத்த மூடச் சொல்ற அதிகாரம், திருவிழாவுக்கு தண்ணி கக்கூஸ் ஏற்பாடு பண்ண வைக்கறது, எல்லாம் அதுல இருக்கு. எஸ்ஐ சார் மாதிரி ஆளுங்களுக்கு அதிகாரம் குடுத்த பேப்பர் அதுதான்.

பழைய_எஸ்ஐ:
பேப்பர்ல அதிகாரம் நெறைய தம்பி. 1992 கடைசில ஒரு பேதி வந்துச்சு, காலரா தான், ஆனா அதுவரைக்கும் உலகத்துல பாக்காத புது ரகம். ஓ139ன்னு அப்புறமா பேரு வச்சாங்க, மெட்ராஸ்ல தான் முதல்ல தெரிஞ்சுது, அங்கேர்ந்து கல்கத்தா, பங்களாதேஷ்னு போச்சு. வழக்கமா காலரா சின்னப் புள்ளைங்கள தான் அதிகமா அடிக்கும், பெரியவங்களுக்கு பழைய எதிர்ப்பு இருக்கும். இதுல நல்லா இருக்கற ஆம்பளைங்க சுருண்டு விழுந்தாங்க, பழைய எதிர்ப்பு எதுவும் வேலைக்கு ஆகல. அன்னைக்கு எங்க கையில இருந்தது சட்டம் இல்ல, பிளீச்சிங் பவுடர் மூட்டையும் உப்பு சர்க்கரை கரைசல் பாக்கெட்டும். ஒவ்வொரு வீட்லயும் சொம்பு வாங்கி, நானே கரைச்சி, நானே ஒரு வாய் குடிச்சி காட்டினா தான் குடிப்பாங்க. ஒரு நாள்ல எத்தன வாய் குடிச்சேன்னு எனக்கே தெரியாது.

மணலி பையன் தம்பி, உங்க கதவ இன்னும் விக்கலையே? ஒரு விஷயம் பாத்து சொல்லுங்க. ஐப்பசி கார்த்திகை மாசத் தேதிங்கள மட்டும் கிட்டப் போயி பாருங்க. மத்த வரி எல்லாம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், ஒண்ணு பென்சில் சீவின புதுசு, மெல்லிசா இருக்கும், ஒண்ணு மொழுக்கையா தடிப்பா இருக்கும். மழை மாசத்து வரிங்க எப்படி இருக்கு?

மணலி_பையன்:
சார் நீங்க இன்னா மந்திரவாதியா? இப்ப தான் டார்ச் அடிச்சி பாத்தேன். அக்டோபர் கடைசில இருந்து டிசம்பர் வரைக்கும் நாலு வரி இருக்கு. நாலும் ஒரே தடிப்பு, ஒரே சாய்வு, கையெழுத்து கூட ஒண்ணு மேல ஒண்ணு அச்சு அடிச்சா மாதிரி. மத்தது எல்லாம் நீங்க சொன்னா மாதிரி ஒவ்வொண்ணும் வேற வேற.

பழைய_எஸ்ஐ:
அப்ப அந்த நாலும் ஒரே நாள்ல ஒரே நிமிஷத்துல போட்டது. அந்த ஆளு ரெண்டு மாசம் வரவே இல்ல, மழை விட்டதும் வந்து சேத்து போட்டிருக்கான்.

அவனத் திட்டாதீங்க. நான் வேலைக்கு சேர்ந்த ரெண்டாவது வருஷம் நானும் இதே வேலைய செஞ்சேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு 60 வீடு. மழைல பாலம் கெடையாது, தோணிக்காரன் வர மாட்டேன்னுட்டான். ஆபீஸ்ல "விசிட் ஏன் இல்ல"ன்னு கேப்பாங்களே தவிர "எப்படி போன"ன்னு கேக்க மாட்டாங்க. தண்ணி வடிஞ்சதும் போயி 60 கதவுலயும் விட்ட தேதிங்கள வரிசையா போட்டுகிட்டே வந்தேன். ஒரு வீட்ல, கதவுக்குப் பின்னாடி நின்னு எழுதிகிட்டு இருக்கும்போது அந்தம்மா முறத்தோட வந்து நின்னாங்க. "நடுவுல பையனுக்கு குளிர் ஜுரம் வந்து தூக்கித் தூக்கிப் போட்டுச்சு தம்பி, நீ இன்னைக்கு வருவ நாளைக்கு வருவன்னு பாத்தேன்"னாங்க. பையன் பொழைச்சிகிட்டான், பக்கத்துல தான் நின்னான், கண்ணு மட்டும் மஞ்சளா. நான் விரல்ல குத்தி ரத்தம் எடுத்தேன், மாத்திரை குடுத்தேன். அவங்களுக்கு படிக்கத் தெரியாது. நான் என்ன எழுதிகிட்டு இருந்தேன்னு அவங்க கேக்கல.

தோழன்_ஓட்டேரி:
🙏

மணலி_பையன்:
அத்தைய திரும்பக் கேட்டேன் சார், சீரியல நிறுத்திட்டு கேட்டேன். மழைல கொசஸ்தலையாறு பக்கம் எல்லாம் இடுப்பளவு நிக்குமாம், ரேஷனே ஓடத்துல தான் வருமாம். "அந்தாளு வந்திருந்தா முழுகிப் போயிருப்பான்டா, வராததே நல்லது. வந்தா ஆயா மோரு குடுக்கும், குடிச்சிட்டு தான் கிறுக்குவான்"னு சொல்லுது. பேரு மட்டும் ஞாபகம் வரலயாம்.

கதவ விக்கல. கார்ப்பென்டர் கிட்ட அந்த ஒரு பலகைய மட்டும் இழைக்காதீங்கன்னு சொல்லிட்டேன், அவரு என்ன பாத்த பார்வைய சொல்ல முடியாது.